காந்தம் விட்டுவைத்த இரும்பு

மார்ச் 3, திங்கள்

விடுதி அறையில் குழாயைத் திறந்தால் சிவப்பாகத் தண்ணீர் வருகிறது. "அது இரும்புத் தண்ணிங்க மேடம், ஒடம்புக்கு நல்லதுங்க" என்றார் காவலாளி. இருபத்தைந்து வருடமாக இரும்பை வைத்தே பிழைப்பு நடத்துகிற எனக்கு இரும்புச்சத்துப் பாடம் எடுக்கிறார். நல்ல ஊர்.

வந்த வேலையை முதலில் எழுதிவைக்கிறேன். கருங்கரட்டுக் குன்றில் வெட்டியெடுக்க நல்ல கல் தீர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது கழிவுமேடு. இருபத்திரண்டு வருடமாகக் கல்லை மாவாக அரைத்து, காந்த உருளையில் ஓட்டி, ஒட்டியதை விற்று, ஒட்டாததைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த மேடு அது. ஒட்டாததிலும் இரும்பு உண்டு. காந்தத்துக்கு மசியாத சிவப்பு இரும்பு. அதை நுரைத்தொட்டியில் பிரித்தெடுக்க முடிந்தால் ஆலை இன்னும் பதினைந்து வருடம் ஓடும். முடியாவிட்டால் இம்மாதக் கடைசியில் கதவைச் சாத்தி, நூற்றுப் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கணக்கு சுலபம். நூறு பங்கு இரும்பு உள்ளே போனால் அறுபத்தைந்து பங்காவது கைக்கு வரவேண்டும். அதற்குக் குறைந்தால் அரைக்கிற கரண்டுக்கே கட்டுபடியாகாது. அந்த அறுபத்தைந்தைக் காட்டத்தான் தலைமை அலுவலகம் என்னை அனுப்பியிருக்கிறது.

மேலாளர் இருசப்பன் வாசலுக்கே வந்து கும்பிட்டார். இங்கே மாற்றலாகி வந்து இரண்டு வருடம்தான் ஆகிறதாம். "பதினோரு வருசம் முந்தி ஒருக்கா பண்ணிப் பாத்துட்டு, ஆகாதுன்னு எழுதிட்டாங்களாமுங்க. இந்தவாட்டி நீங்கதான் பாத்து முடிச்சுக் குடுக்கணும்" என்றார். சரி என்றேன். வேறெதுவும் பேசவில்லை. பயணக் களைப்பு.

மார்ச் 4, செவ்வாய்

முதல் ஓட்டம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் நுரைத்தொட்டி முன்னால் நின்றால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

தொட்டியில் இருப்பது செந்தூரக் குழம்பு மாதிரி ஒரு சேறு. அதில் மரவள்ளிக்கிழங்கு மாவுக் கஞ்சியை ஊற்றுகிறோம். கஞ்சி போய் இரும்புத் துகளை மட்டும் போர்த்திக்கொள்கிறது. மணலைச் சட்டை செய்வதில்லை. அப்புறம் நுரை மருந்து. போர்வை இல்லாத மணலை அது பிடித்துக்கொள்ள, கீழிருந்து வரும் காற்றுக்குமிழி மணலைச் சுமந்துகொண்டு மேலே போகிறது. வெள்ளை நுரை வழிந்து ஓட, அடியில் இரும்பு தங்கிவிடுகிறது. அன்னப்பறவை பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்று பெருமையடிக்கிறோமே, அதன் முன்னால் இந்தச் சேற்றை ஒரு கிண்ணம் வைத்துப் பார்க்கவேண்டும்.

தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் செங்கோடன். ஐம்பத்தைந்து வயது, வாய் ஓயாது. கஞ்சி காய்ச்சுவது பாவாயி. என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருக்கலாம்.

"மேடம், என்னையெத் தெரியுதுங்களா? அன்னிக்கும் நாந்தான் காய்ச்சினேன். நீங்க நாலு நாள் வந்து நின்னீங்களே. அப்ப ஒல்லியா இருந்தீங்க."

"நீங்களும்தான்" என்றேன். செங்கோடன் சிரித்தார்.

சாயங்காலம் பரிசோதனை முடிவு: எழுபத்திரண்டு. முதல் நாள் எண்ணை நம்பக்கூடாது என்பது என் அனுபவம்.

மார்ச் 5, புதன்

அறுபத்து நான்கு. சொன்னேன் அல்லவா.

மார்ச் 6, வியாழன்

ஐம்பத்தேழு. மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன், காற்றைக் கூட்டினேன். இருசப்பன் கதவோரம் வந்து நின்று செருமிவிட்டுப் போனார். செருமலுக்கெல்லாம் இரும்பு பயப்படாது என்று சொல்ல வாய்வரை வந்தது.

எரிச்சல் தீர, கரட்டுக் கல் ஒன்றை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். அடேயப்பா! கோடு கோடாக, ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை, ஒரு வரி கறுப்பு. தலைமுடி கனத்தில் ஒரு வரி, விரல் கனத்தில் ஒரு வரி. இந்தக் கரடு ஒருகாலத்தில் கடலின் அடி. இருநூற்றைம்பது கோடி வருடத்துக்கு முன்னால் கடல் முழுக்க இரும்பு கரைந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ பாசித் துணுக்குகள் முதன்முதலாக மூச்சுக்காற்றை உண்டாக்கின. அந்தக் காற்று பட்டதும் கடல் துருப்பிடித்தது. துரு அடியில் படிந்தது, மேலே மணல்சத்து படிந்தது, மறுபடி துரு. நாம் இழுக்கிற மூச்சின் முதல் கணக்கு இந்தக் கல்லில்தான் இருக்கிறது. அவ்வளவு பொறுமையாகக் கடல் அடுக்கி வைத்ததை நாம் மூன்று நிமிடத்தில் அரைத்துவிட்டு, வரவில்லையே என்று மூக்கைச் சிந்துகிறோம்.

மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். பாவாயி தன் தூக்குப்போசியிலிருந்து ராகிக்களி கொடுத்தாள்.

மார்ச் 8, சனி

நாற்பத்தொன்பது. நுரை வெள்ளையாக வழியவேண்டும். இன்று ரத்தச் சிவப்பாக வழிந்தது. இரும்பு மணலோடு சேர்ந்துகொண்டு மேலே ஏறி ஓடுகிறது. கூட்டாளியோடு ஊரைவிட்டு ஓடுகிற பிள்ளையைப் பார்த்த மாதிரி எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றோம்.

"அன்னிக்கும் இப்பிடித்தானுங்க ஆச்சு" என்றாள் பாவாயி. "மொத நாளு வெள்ள வெளேர்னு போச்சு. அப்பறம் செவந்துக்கிச்சு. அப்பறம் ஒரு பேப்பரு வந்துது. பொம்பளையாளுக முப்பத்து நாலு பேரும் நாளையிலருந்து வரவேண்டாம்னுட்டாங்க. நான் புள்ளையக் கூட்டிக்கிட்டுச் செங்கச் சூளைக்குப் போயிட்டேன். புள்ள எட்டாவதோட நின்னுபோச்சுங்க. இந்தச் சோதனைக்குத்தான் மறுபடி கூப்பிட்டாங்க." பிறகு கேட்டாள்: "யாருங்க மேடம் அந்தப் பேப்பர எழுதுனது?"

பழைய கோப்பைப் பார்க்கவேண்டும் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். சிவப்புத் தண்ணீரில் துவைத்ததில் என் வெள்ளைச் சட்டை இப்போது காவி. சாமியாராகப் போகவேண்டியதுதான் பாக்கி.

இட்லி மாவு அரைத்து வைத்தேன். நாலே மணி நேரத்தில் பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டி வழிந்துவிட்டது. இந்த வெயிலில் எதுதான் நிற்கும்.

கோப்பு அறையின் சாவி அலுவலகத்தில் இருக்கிறதாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 10, திங்கள்

எழுபத்தொன்று!

ஒன்றும் மாற்றவில்லை. அதே சேறு, அதே மருந்து, அதே காற்று. நுரை வெள்ளை வெளேர் என்று போகிறது. செங்கோடன் தொட்டிக்குக் கற்பூரம் காட்டலாமா என்று கேட்டார். மருந்து தீப்பிடிக்கும், பேசாமல் இருங்கள் என்றேன்.

இன்றைய கூத்து ஒன்று. நேற்று ஆள் இல்லாத நேரத்தில் செங்கோடனின் செவலைப் பசு வேலியைத் தாண்டிக் கொட்டகைக்குள் புகுந்து, சனிக்கிழமை மிஞ்சிய கஞ்சி ஒரு அண்டாவையும் குடித்துத் தீர்த்துவிட்டது. பாவாயிக்கும் அவருக்கும் காலையில் பெரிய சண்டை. "மாட்டக் கட்டிவெக்கத் தெரியாதவருக்குத் தொட்டியப் பாக்கத் தெரியுமா" என்கிறாள் அவள். "ஏம்மா, கஞ்சிய நீ அண்டாவுல வெச்சா அதுக்கென்ன தெரியும், தனக்குன்னு நெனச்சுக்குச்சு" என்கிறார் அவர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மேட்டின் வேறு பக்கத்துச் சேறு வந்திருக்கும் போல. அதுதான் காரணமாக இருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

அறுபத்து மூன்று. மறுபடி இறங்குகிறது. கோப்பு அறைக்குப் போக நேரமில்லை.

மார்ச் 12, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை எட்டு மணிக்குக் கொட்டகைப் பக்கம் போனேன். புளித்த வாடை. பாவாயி புதுக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க இறக்கிவைத்து ஆறவிட்டிருந்தாள். பிறகு பக்கத்து அண்டாவைச் சாய்த்து, பழுப்பாக எதையோ அதில் ஊற்றினாள்.

"என்ன பாவாயி அது?"

"நேத்து மிச்சமுங்க."

"அதை எதுக்குப் புதுசுல ஊத்தறீங்க?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பின்ன கொட்டவா முடியும்? கஞ்சியாச்சுங்களே!"

"நேத்து மிச்சத்துல முந்தாநாள் மிச்சம் இருக்குமில்ல?"

"இருக்குமுங்க. சனிக்கெழம மிச்சம்தான் இல்ல. அதெத்தான் அந்த மாடு குடிச்சுட்டுதே."

அப்படியே நின்றுவிட்டேன். மாடு குடித்த மறுநாள் எழுபத்தொன்று. அண்டாவில் மிச்சமே இல்லாத முதல் நாள் எழுபத்திரண்டு. நடுவில் ஒவ்வொரு நாளும் பழைய கஞ்சி புதுக் கஞ்சியைப் புளிக்கவைத்திருக்கிறது, என் இட்லி மாவு மாதிரியே. புளித்த கஞ்சிக்கு இரும்பைப் போர்த்தச் சக்தி ஏது.

இரண்டு கண்ணாடிக் குடுவை எடுத்துவரச் சொன்னேன். இரண்டிலும் சிவப்புச் சேறு. ஒன்றில் அப்போது காய்ச்சி ஆறவைத்த கஞ்சி, இன்னொன்றில் பழையது. கலக்கிவிட்டுக் கையை எடுத்தோம். புதுக் கஞ்சிக் குடுவையில் சிவப்பு திரள் திரளாகச் சேர்ந்து, எண்ணி இருபது மூச்சில் கீழே இறங்கிவிட்டது. மேலே தண்ணீர் பளிங்காக நின்றது. மற்றதில் கலங்கல் கலங்கலாகவே கிடந்தது. செங்கோடன்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அய்யோ, என்னமாத் தெளிஞ்சிருச்சு பாருங்களே!" என்றாள் பாவாயி. அடுத்த நொடி அவள் முகம் மாறிவிட்டது. "அப்ப நாந்தான் கெடுத்தேனுங்களா?"

"இல்ல. யாரு மிச்சத்தை ஊத்தச் சொன்னது?"

"நீங்கதானுங்க. ஸ்டார்ச்சு ஸ்டார்ச்சுன்னு அவங்க சொன்னது எங்களுக்கு வாயில நொழையல. 'அட, இது கஞ்சிதாம்மா, கஞ்சின்னே சொல்லுங்க'ன்னு நீங்க அன்னிக்குச் சிரிச்சீங்க. மிச்சமானத நான் கொட்டப் போனப்ப, 'கஞ்சியக் கொட்டாதீங்க, பாவம், நாளைக்குச் சேத்துக்கலாம்'னீங்க. அன்னிலருந்து ஒரு சொட்டு வீணாக்குனதில்லீங்க."

நினைவிருக்கிறது. நான் சொன்னதேதான். எங்கள் வீட்டிலும் சோற்றுப் பருக்கையைக் கீழே சிந்தவிடமாட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்கிறது. நான் கெடுத்தது ஓர் ஆலையை.

இனி நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் காய்ச்சவேண்டும், மிச்சத்தைக் கொட்டி அண்டாவைக் கழுவவேண்டும் என்றேன். பாவாயி தலையை ஆட்டவே இல்லை. "கஞ்சியெ மண்ணுல ஊத்த எங்கையி வராதுங்க. பேர மாத்திக் குடுங்க, ஊத்தறேன்."

யோசித்துவிட்டு, "பசைன்னு சொல்லுங்க" என்றேன்.

"பசைன்னா சரிங்க. பசையக் கொட்டுனா என்ன பாவம்."

மார்ச் 13, வியாழன்

எழுபத்து நான்கு.

வெள்ளைக் குமிழி ஒவ்வொன்றும் ஒரு மணல் பொட்டைச் சுமந்துகொண்டு எழும்பி, விளிம்புக்கு வந்து உடைந்து, வழிந்து போவதை இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். கால் மரத்துப்போனதே தெரியவில்லை. கடல் கோடி கோடி வருடம் சேர்த்ததை ஒரு குச்சிக்கிழங்கின் மாவு அடையாளம் கண்டு பிரிக்கிறது. இது இரும்பு, இது மணல் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? காரணம் எனக்குத் தெரியும், பக்கம் பக்கமாக எழுதவும் முடியும். தெரிந்தும் மயிர்க்கூச்செறிகிறது.

புடைப்பது வேறு, கொழிப்பது வேறு, தெள்ளுவது வேறு, சலிப்பது வேறு, அரிப்பது வேறு. பிரித்தெடுக்க இத்தனை வினைச்சொல் வைத்திருக்கிறோம். இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. "போத்திப் பிரிக்கறதுன்னு வெச்சுக்கலாமுங்க" என்றாள் பாவாயி. என் பாடப்புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

மார்ச் 14, வெள்ளி

எழுபத்து மூன்று. எல்லோருக்கும் லட்டு. கோப்பு அறைக்குப் போனேன்.

மார்ச் 15, சனி

கோப்பில் பார்த்ததை நேற்று எழுத முடியவில்லை.

பதினோரு வருடத்துக்கு முந்தைய அறிக்கை பச்சை அட்டைக் கோப்பு ஒன்றில் இருந்தது. பன்னிரண்டு நாள் சோதனை. முதல் நாள் எழுபது. அதன் பிறகு அறுபத்தொன்று, ஐம்பத்தைந்து, நாற்பத்தெட்டு, அப்படியே கீழே. அந்த எழுபதின்மேல் ஒரு கோடு கிழித்து, ஓரத்தில் எழுதியிருக்கிறது: 'மாதிரி எடுத்ததில் பிழை. கணக்கில் சேர்க்கவில்லை.' மற்ற நாட்களின் சராசரி நாற்பத்தாறு. முடிவு: 'இக்கழிவிலிருந்து இரும்பைப் பிரிப்பது கட்டுபடியாகாது.' கீழே கையெழுத்து, கோகிலவாணி.

என் கையெழுத்து. கோப்பைத் திறப்பதற்கு முன்பே தெரியும். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து தெரியும். அறிக்கை எழுதியது நான்தான் என்பதை இந்த நோட்டில்கூட எழுதாமல் பன்னிரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோடு கிழித்ததைச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தேன். நல்ல எண் ஒன்று வந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. அதனால் அது பிழை. இந்தமுறையும் அதையேதான் செய்யப்போனேன். மாடு வந்து காப்பாற்றியது.

முப்பத்து நாலு பேர். எட்டாவதோடு நின்ற ஒரு பிள்ளை.

மார்ச் 19, புதன்

எழுபத்து நான்கு. பசு கொழுத்துவிட்டது. மிச்சப் பசை முழுக்க அதற்குத்தான்.

மார்ச் 25, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். 'அதே கழிவு, அதே முறை. அன்று நாற்பத்தாறு, இன்று எழுபத்து நான்கு. இரண்டில் ஒன்று தவறு. எது என்று விளக்கம் வரும்வரை ஒப்புதல் தர இயலாது.'

இருசப்பன் அப்போதுதான் பழைய அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"மேடம், இந்தவாட்டி புது மருந்து ஒண்ணு போட்டோம்னு எழுதிடலாமுங்க. உங்களுக்கும் சங்கடம் இல்ல, எங்களுக்கும் கதவு தொறந்துரும்."

ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. இந்தத் துறையில் என் சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் புது மருந்து என்று எழுதினால், நாளை பெரிய தொட்டி வைக்கிறவர்கள் மருந்தை வாங்குவார்கள், கஞ்சியைப் பத்திரமாகச் சேர்த்து வைப்பார்கள். மூன்றாம் நாள் நுரை சிவக்கும். உண்மையைச் சொன்னால்தான் இரும்பு தங்கும்.

நாளை எழுதித் தருகிறேன் என்றேன். அதற்கு முன்னால் ஒருத்தியிடம் சொல்லவேண்டும்.

மார்ச் 26, புதன்

கொட்டகையில் பாவாயி தனியாக இருந்தாள். சுற்றிவளைக்கவில்லை. "அன்னிக்கு அந்தப் பேப்பரை எழுதினது நான்தான் பாவாயி" என்றேன். முதல் நாள் எண்ணைக் கோடு போட்டு அடித்ததையும் சொன்னேன்.

துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தாள். பசை கொதித்துப் புஸ்புஸ்ஸென்று வெடித்தது.

"மொத நாளு வெள்ளையாப் போச்சுன்னு நாங்க எல்லாரும் பாத்தோமுங்களே" என்றாள் கடைசியில். "எங்களெ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அடுப்பை அணைத்துவிட்டு அண்டாவை இறக்கினாள்.

விளக்கக் கடிதத்தை மதியம் அனுப்பிவிட்டேன். 'தவறு என் முதல் அறிக்கையில் உள்ளது' என்பது முதல் வரி.

மார்ச் 28, வெள்ளி

பாவாயி என்னோடு பேசுவதில்லை. வேலை அணு பிசகாமல் நடக்கிறது. எழுபத்தைந்து. உப்பைத் தின்றவள் நான், தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

காலை பதினொன்றுக்கு ஒப்புதல் வந்தது. ஆலை மூடப்படாது. இருசப்பன் படித்துக் காட்டும்போதே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வெளியே ஆலைச் சங்கு ஊதினார்கள். என்மேல் துறை விசாரணை உண்டு என்று கடைசிப் பத்தியில் இருந்தது. நியாயம்தான்.

தனியாகக் கழிவுமேட்டின்மேல் ஏறினேன். மதிய வெயிலில் மேடு முழுக்க நெருப்பாகச் சிவந்து கிடந்தது. கடல் கொடுத்தது, காந்தம் விட்டது, நாங்கள் குப்பை என்று கொட்டியது. இதன்மேல் நான் எத்தனை தடவை செருப்புக்காலோடு நடந்திருக்கிறேன்! குனிந்து ஒரு பிடி அள்ளினேன். கனமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

இறங்கி வந்தால் கொட்டகை வாசலில் பாவாயி நின்றிருந்தாள். ஐந்து நாளுக்குப் பிறகு அவளே பேசினாள்.

"கடைசி ரிப்போர்ட்டு எழுதியாச்சுங்களா?"

"முடிச்சுட்டேன். கையெழுத்துதான் பாக்கி."

"அதுல எங்க பேரு இருக்குதுங்களா?"

எடுத்துப் பார்த்தேன். தொட்டியின் கொள்ளளவு இருந்தது, மருந்தின் அளவு இருந்தது, மாவு வாங்கிய ஆலையின் பெயர்கூட இருந்தது. ஆட்கள் என்ற இடத்தில் 'கூலியாட்கள், ஆறு பேர்' என்று எழுதியிருந்தேன். பழைய அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன், முப்பத்து நாலு பேர் என்று.

"பேரப் போடுங்க" என்றாள். "எனக்குப் பெருமைக்கில்லீங்க. நாளைக்கு இன்னொரு மேடம் வருவாங்க. ஏதாச்சும் புரியலேன்னா, கோடு போட்டு அடிக்கறதுக்கு முந்தி யாரக் கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியணுமில்ல?"

அங்கேயே திண்டில் காகிதத்தை வைத்து, அடித்து எழுதினேன். கஞ்சி காய்ச்சியவர் என்று எழுத வந்த கையை நிறுத்தி, பசை காய்ச்சியவர்: பாவாயி, கணவர் பெயர் என்று ஆரம்பித்தேன்.

"அவரு பேரு எதுக்குங்க? அவரு ஒருநாளும் இங்க வந்ததில்ல" என்றாள்.

பாவாயி என்று மட்டும் எழுதினேன். அடுத்த பெயர் சொல்லுங்கள் என்றேன்.